பாய்லருக்கு ஆகாத ஜலமும் பயிருக்கு ஆகும் ஜலமும்

நெல் அவிப்பதற்குப் பெரிய அண்டாவையும் உமி அடுப்பையும் நம்பியிருந்த குடியானவர்களில் சிலர், தங்கள் களத்தின் ஓரத்திலேயே சிறிய நீராவி பாய்லர் ஒன்றை அமைத்துக்கொள்ள விரும்புகின்றனர். விருப்பம் நியாயமானதே. ஆள்கூலி குறையும்; நெல் ஒரு சீராக வேகும்; புகையின் தொல்லையும் தணியும். ஆனால் பாய்லர் வாங்கப் போகிறவர் அதன் விலையை விசாரிக்கிறார். உமி போதுமா, நிலக்கரி வேண்டுமா என்று கேட்கிறார். புகைபோக்கியின் உயரத்தைக்கூடக் கேட்கிறார். எந்தக் கிணற்றின் ஜலத்தை அதில் ஊற்றப் போகிறோம் என்பதை மட்டும் யோசிப்பதில்லை. முதலில் யோசிக்கவேண்டியது அதுவே. அதை யோசியாமல் விடுவது ஒரு தவறு என்றால், யோசித்த பின்னர்க் கிணற்று ஜலம் முழுவதையும் பழுதுடையதென்று எண்ணி மாற்ற முற்படுவது அதனினும் பெரிய தவறாகும்.

சுண்ணச்சத்தும் மக்னீசியச் சத்தும் மிகுதியாகக் கரைந்துள்ள ஜலத்தைக் கடின ஜலம் என்பர். சுக்கான் கல் நிறைந்த பூமியிலும், அரியலூர்ப் பக்கத்தைப்போல் சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களிலும் கிணற்று ஜலம் இத்தன்மையதாயிருப்பது இயல்பு. உப்புக் கரிக்கும் ஜலம் வேறு, கடின ஜலம் வேறு. நாவில் கரிக்காத ஜலமும் மிகக் கடினமாயிருக்கக்கூடும். இதை முதலில் அறிபவர் வீட்டுப் பெண்மக்களே. பருப்பு எளிதில் வேகாது; சோப்பு நுரைக்காது; வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெண்மையான பொருக்குப் படியும். தவலையில் படியும் அப்பொருக்கே பாய்லரிலும் படிகிறது. தவலையைப் புளியிட்டுத் தேய்த்துவிடலாம். பாய்லரின் குழாய்க்குள் கை நுழையாது.

குளிர்நாடுகளில் வீட்டுக்கு வெப்பமூட்ட நிலக்கரி பாய்லர் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கருங்கல் போன்ற கெட்டி நிலக்கரி இதற்குப் பேர் பெற்றது. அவ்வகையில் ஒரே ஜலம் குழாய்களில் சென்று வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடியும் பாய்லருக்கே திரும்புகிறது. முதலில் ஊற்றிய ஜலத்திலுள்ள சுண்ணம் ஒருமுறை படிவதோடு சரி; புது ஜலம் சிறிதளவே சேர்க்கப்படுகிறது. நெல் அவிக்கும் பாய்லரின் நிலைமை வேறு. நீராவி நெல்லுக்குள் புகுந்து ஆகாயத்தில் கலந்துவிடுகிறது, திரும்பி வருவதில்லை. ஆகையால் நாள்தோறும் புது ஜலமும், அதனோடு புதுச் சுண்ணமும் உள்ளே வந்துகொண்டேயிருக்கும்.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஒரு பாய்லர் நாளொன்றுக்கு 500 லிட்டர் ஜலத்தை ஆவியாக்குகிறதென்றும், அந்த ஜலத்தின் கடினம் லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றும் கொள்வோமாயின், ஒரு நாளில் 200 கிராம் சுண்ணம் உள்ளே செல்கிறது. வருஷத்தில் 150 நாள் வேலை நடந்தால் 30 கிலோ ஆகிறது. குடிஜலத்துக்கு இந்திய அளவுமுறையில் 200 மில்லிகிராம் விரும்பத்தக்கதென்றும், வேறு ஜலம் இல்லாதவிடத்து 600 வரை அனுமதிக்கலாமென்றும் வகுக்கப்பட்டிருக்கிறது. குடிக்கத்தக்க ஜலமே பாய்லருக்கு இவ்வளவு கல்லைச் சுமத்தக்கூடும் என்பது கவனிக்கத்தக்கது.

படிந்த பொருக்கு இரும்பைப்போல் வெப்பத்தைக் கடத்துவதில்லை. ஆகையால் அதே அளவு நீராவிக்கு அதிக உமியோ நிலக்கரியோ எரிக்க வேண்டியதாகிறது. இது பண நஷ்டம். அதினும் கொடியது உயிருக்கு நேரும் அபாயம். பொருக்கு மூடிய இடத்தில் ஜலம் இரும்பைத் தொடுவதில்லை. இரும்பு அளவுக்கு மீறிக் காய்ந்து, இளகி, புடைத்து, இறுதியில் வெடிக்கவும் கூடும். 1863-இல் கல்கத்தாவில் நிகழ்ந்த பாய்லர் வெடிப்பில் பலர் உயிரிழந்த பின்னரே, 1864-இல் வங்காளத்தில் பாய்லர்களைச் சோதனையிடச் சட்டம் பிறந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1923-இல் ஏற்பட்டது. அதனிடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்துள்ளது. மிகச் சிறியவையும் மிகக் குறைந்த அழுத்தமுள்ளவையும் தவிர, ஏனைய பாய்லர்கள் பதிவும் சோதனையும் பெற்றே இயங்க வேண்டும். ஊர்ப் பட்டறையில் இரும்புத் தகட்டை ஒட்டவைத்துப் பாய்லர் என்று பெயரிட்டு வைத்துக்கொள்வது சிக்கனமன்று. வீட்டார் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இவ்வளவையும் கேட்ட குடியானவர், தம் கிணற்று ஜலம் பொல்லாதது என்று முடிவுகட்டலாகாது. பாய்லருக்கு எது தீங்கோ அதுவே பயிருக்கு உதவி. சுண்ணச்சத்து மண்ணின் நுண்துகள்களைத் திரளச் செய்து, காற்றும் ஜலமும் இறங்க வழிவிடுகிறது. சோடிய உப்போ துகள்களைப் பிரித்து மண்ணை இறுகச் செய்கிறது. களர் நிலத்தைத் திருத்த ஜிப்ஸம் இடுவதன் கருத்து, மண்ணிலுள்ள சோடியத்தை வெளியேற்றி அவ்விடத்தில் சுண்ணத்தை அமர்த்துவதே. நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்ஸம் இடுவதும், காய் திரட்சியாகப் பிடிக்கச் சுண்ணம் வேண்டியிருப்பதாலேயாம். பணம் கொடுத்து வாங்கி நிலத்தில் இடும் சத்தை, கிணறு இலவசமாகக் கொடுக்கும்போது வெறுப்பானேன்?

கடினத்தை நீக்கும் கருவி இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. அதன் வரலாறே வயலில் தொடங்கியது என்பது பலர் அறியாத செய்தி. இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த தாம்ஸன் என்னும் நிலக்காரர், உரச்சத்து மழையில் கரைந்து போய்விடுமா என்று அறிய, அம்மோனிய உப்பைக் கரைத்து மண்ணின் வழியே வடித்துப் பார்த்தார். அம்மோனியம் மண்ணில் தங்க, அதற்கு ஈடாகச் சுண்ணம் வெளிவந்தது. 1850-இல் இது அந்நாட்டு அரச விவசாயச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. வே என்னும் ரசாயன நிபுணர் அதை மேலும் விரிவாக ஆராய்ந்தார். மண் செய்யும் அந்தப் பண்டமாற்றையே இன்றைய கருவியிலுள்ள ரெசின் மணிகள் செய்கின்றன. அவை சுண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்தவுடன் உப்புக் கரைசலால் கழுவ, சுண்ணம் நீங்கிப் பழைய நிலை திரும்புகிறது.

கழுவிய அந்த உப்பு ஜலம் எங்கே போகிறது? இக்கேள்வியே இவ்விஷயத்தின் உயிர்நாடி. மேற்சொன்ன கணக்குப்படி நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை கிலோ உப்பு செலவாகும். 150 நாளில் 75 கிலோ. இதை வாய்க்காலில் விட்டால் அது கடைமடையில் உள்ளவரின் வயலைச் சேரும்; கொல்லையில் விட்டால் ஊறிச் சென்று சொந்தக் கிணற்றிலேயே இறங்கும். அவ்வண்ணம் பாய்லரைக் காக்க முற்பட்டவர், களர் நிலம் ஒன்றைத் தாமே உண்டாக்கியவராவார். கருவியைக் கிணற்று மோட்டாரோடு சேர்த்து, பாசன ஜலம் முழுவதையும் மென்மையாக்குவோமென்று நினைப்பது இன்னும் விபரீதம்.

ஆகையால் வரிசைக்கிரமமாகச் செய்யத்தக்கவை இவை. முதலாவது மழை ஜலம். அது இயற்கையிலேயே மெது ஜலம். 100 சதுர மீட்டர் கூரையின்மேல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநில சராசரியான ஏறக்குறைய 440 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஐந்திலொரு பங்கு சேதம் போக 35,000 லிட்டர் கிடைக்கும். மேற்சொன்ன பாய்லருக்கு அது 70 நாளுக்குப் போதும். சம்பா அறுவடைக்கும் சரியாயிருக்கும். முதல் மழையை விட்டுவிட்டு, தூசி புகாத தொட்டியில் சேர்க்க வேண்டும். மெது ஜலத்தில் கரைந்துள்ள காற்று இரும்பை அரிக்குமாதலால், அதைத் தனித்தொட்டியில் நன்றாகச் சூடாக்கிக் காற்றை நீக்கிய பின்னரே பாய்லருக்குள் விடல் நன்று.

இரண்டாவது சுண்ணாம்பு. கொதித்தால் படியும் வகைக் கடினத்தைச் சுண்ணாம்புத் தெளிவு சேர்த்து முன்னதாகவே படியச் செய்யலாமென்று, ஸ்காட்லாந்தில் ஆபர்டீன் நகரப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841-இல் கண்டு காட்டினார். சுண்ணத்தைச் சுண்ணத்தாலேயே நீக்கும் இம்முறையில் உப்புக் கழிவு இல்லை. ஆயின் சுண்ணாம்பு மிகுந்தால் கடினம் மறுபடியும் ஏறுமாதலின், ஜலத்தைப் பரிசோதித்து அளவறிந்தே சேர்க்க வேண்டும். மூன்றாவதாகவே ரெசின் கருவி. அதை வைப்பவர் பாய்லருக்குச் செல்லும் குழாயில் மட்டும் வைத்து, கழிவை ஊறாத சிமெண்டுத் தொட்டியில் விட்டு வெயிலில் வற்றச் செய்ய வேண்டும். எம்முறையைக் கைக்கொண்டாலும், பாய்லரின் அடியில் தங்கும் மண்டியை நாள்தோறும் திறந்துவிடுவதும், ஜலமட்டக் கண்ணாடியையும் அபாய வால்வையும் தவறாது பார்ப்பதும் அவசியம். பொருக்கை நீக்கத் திராவகத்தை ஊற்றுவோர் பொருக்கோடு இரும்பையும் கரைத்துவிடுகின்றனர். அவ்வேலை பழகியவர் மேற்பார்வையிலேயே நடைபெற வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. பாய்லர் வைப்பவர் பதிவு பெற்றாரா என்பதை மட்டும் விசாரித்தல் போதாது. அவருடைய கழிவு எந்த வாய்க்காலில் விழுகிறது என்பதையும் நேரில் பார்க்க வேண்டும். உடைந்த பாய்லரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். களரான நிலத்தைத் திருத்த ஜிப்ஸமும், நல்ல வடிகாலும், பல போகத்துப் பொறுமையும் வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் உப்பை விட்டவர் தலையில் விழாமல், கீழ்மடைக்காரர் தலையிலேயே விழுகிறது. பாய்லரின் பங்குக்கு வேண்டிய ஜலத்தை மட்டும் மென்மையாக்கி, பயிரின் பங்கை இயற்கை கொடுத்தபடியே விட்டுவைப்பதுதான் இரண்டுக்கும் நன்மை பயக்கும் வழியாகும்.