ஸ்டோரேஜ் ஃபுல்லா? டெலீட் பண்றதுக்கு முன்னாடி பில் போட்டோக்களை எடுத்து வைங்க

"ஸ்டோரேஜ் ஃபுல்"னு நோட்டிஃபிகேஷன் வந்ததும் மாசம் 130 ரூபாய்க்கு ஆட்டோ-பே போட்டுட்டீங்களா? வருஷத்துக்கு 1,560 ரூபாய். இதை எஸ்.ஐ.பி.ல போட்டா கோடீஸ்வரர் ஆகலாம்னு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. குட் மார்னிங் வீடியோவுக்கு வாடகை கட்ட வேண்டாம்னுதான் சொல்றேன்.

கூகுள் இலவசமா தர்ற 15 ஜிபி போட்டோஸ், ஜிமெயில், டிரைவ் மூணுக்கும் சேர்த்துதான். ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போ அதுல சேருது. நிரம்பிட்டா புது மெயில் வராது. ஆஃபர் லெட்டரும் வராது, வருமான வரித்துறை மெயிலும் வராது. அதனால அப்படியே விடவும் முடியாது.

டெலீட் பண்ணுங்க. ஆனா மொத்தமா செலக்ட் பண்ணி அழிக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். மெடிக்கல் பில், பெட்ரோல் பில் எல்லாம் தெர்மல் பேப்பர். சில மாசத்துல எழுத்து மங்கிடும். அப்புறம் உங்ககிட்ட இருக்கிற ஒரே ஆதாரம் அந்த போட்டோதான். பழைய ரெஜிம்ல ஹெச்.ஆர்.ஏ. கேட்டவங்களுக்கு வாடகை ரசீது வேணும். வீட்டை இடிச்சுக் கட்டின செலவு பில் 15 வருஷம் கழிச்சு வீட்டை விற்கும்போது கேப்பிட்டல் கெயின் வரியைக் குறைக்கும். பில் இல்லேன்னா செலவு பண்ணினதை நிரூபிக்கிறது கஷ்டம். அந்த வரி முன்னாடி 1,560 ரூபாய் எல்லாம் ஒரு காசா?

அதனால முதல்ல பில்களைத் தேடி எடுத்து, பிடிஎஃப் ஆக்கி, வருஷவாரியா ஃபோல்டர்ல போடுங்க. ஒரு காப்பி பென் டிரைவ்லயும் இருக்கட்டும். பிறகு வீடியோக்களை அழிங்க. இடத்தை அதிகம் சாப்பிடுறது அதுங்கதான். ஆயிரம் ஸ்கிரீன்ஷாட் அழிச்சாலும் ரெண்டு கல்யாண வீடியோ அளவுக்குக் காலியாகாது.

இன்னொண்ணு. பேக்கப் ஆன போட்டோவை கூகுள் போட்டோஸ் ஆப்ல டெலீட் பண்ணினா போன், கிளவுட் ரெண்டுலயும் போயிடும். "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுத்தா போன்ல மட்டும் போகும், 15 ஜிபி-ல ஒரு எம்பி கூடக் குறையாது. தவறுதலா அழிச்சா டிராஷ்ல 60 நாள் இருக்கும். ஐபோன் போட்டோஸ்ல 30 நாள்தான்.

இவ்வளவும் செஞ்ச பிறகும், குழந்தை வீடியோக்களாலயே இடம் நிரம்புதா? தாராளமா பணம் கட்டுங்க. மாசாமாசம் வேண்டாம், வருஷ பிளான் எடுங்க.