தினம் ஒரு சொம்பு

பால்கனித் துளசி பட்டுப் போனால் நாம் என்ன சொல்வோம்? 'யாரோ கண்ணு வச்சுட்டாங்க.' இல்லாவிட்டால், 'நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்.' கூடவே ஒரு புலம்பல்: 'தினமும் தவறாம தண்ணி ஊத்தினேனே!'

தவறாமல் ஊற்றியதுதான் தவறு!

வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்குகளை எந்நேரமும் தண்ணீரால் அடைத்தால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. இலை வாடும். உடனே நாம், 'அடடா, வாடுதே' என்று இன்னொரு சொம்பு ஊற்றுவோம். கதை முடிந்தது.

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சொம்பைக் கீழே வையுங்கள். காய்ந்திருந்தால், அடி ஓட்டையில் ஒழுகும் வரை நிதானமாக ஊற்றுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் பிரசவ வார்டு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

மே மாத வெயிலில் சின்னத் தொட்டிக்கு இரண்டு வேளைகூடத் தேவைப்படும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் சும்மா விடலாம். எப்போது என்று சொல்ல வேண்டியது மண்தான், காலண்டர் இல்லை.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. இருபது தொட்டி, தினம் ஒரு லிட்டர் என்றால் வருடத்துக்கு 7,300 லிட்டர். அதில் பாதி வீணானாலும், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்த சென்னைக்கு இது அடுக்குமா?

தரையில் நிற்கும் மரத்துக்கு வேறு விதமான அநியாயம். ஹோஸ் பைப்பால் அடிமரத்தைக் குளிப்பாட்டுகிறோம். நம் மனசு குளிர்கிறது. மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கிளைகளின் விளிம்புக்கு அப்பாலும் பரவிக் கிடக்கின்றன. அகலமாகப் பாத்தி கட்டி, நாள் விட்டு, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். தினமும் மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே தங்கிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா போல ஒரு புயல் வந்தால், அப்படிப்பட்ட மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இதைவிடக் கொடுமை, அடிமரம் வரை சிமெண்ட் பூசுவது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-ல் உத்தரவிட்டது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். டெல்லி மரத்துக்கு உள்ள தாகம் நம்ம காம்பவுண்டு வேம்புக்குக் கிடையாதா? மாடியில் ரோஜாவை மூழ்கடிக்கிறோம். வாசலில் வேம்பைத் தாகத்தில் சாகடிக்கிறோம். இதற்குப் பெயர் பசுமை ஆர்வமாம்!

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில், அந்த ஒரு மீட்டர் சிமெண்டைப் பெயர்க்கச் சொல்லுங்கள். 'பார்க்கிங் இடம் போயிடுமே சார்' என்று ஒருவர் எழுந்திருப்பார். அவர் கார் நிற்பதும் அந்த மர நிழலில்தான் என்று ஞாபகப்படுத்துங்கள்.