தரையில் எழுதிய கடல்



திருக்கடலூரில் பிறந்து டொரொன்டோவில் குடியிருக்கும் வாசகி ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். மகள் பள்ளி வாத்தியக் குழுவில் வயலின் வாசிக்கிறாளாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் ‘கடல்’ என்ற வாத்திய இசையைக் கேட்க அம்மாவையும் அழைத்துப்போகப் போகிறாளாம். "பாட்டு இல்லை, தாளமும் பிடிபடவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?" என்பது அவர் கேள்வி.

பிரெஞ்சுக்காரர் என்றால் நம் திருகோணமலைக்கு முதலில் நினைவு வருவது சஃப்ரன்தான். 1782 ஆகஸ்டில் கோட்டையைப் பிடித்து, செப்டம்பர் 3 அன்று நம் கடலில் ஆங்கிலேயரோடு பீரங்கிச் சண்டை போட்டவர். இசைக்காரர்களில் பிஸே 1863இல் ‘முத்துக் குளிப்போர்’ என்ற ஓபராவை இலங்கையில் நடப்பதாக எழுதினார். இந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. அல்பேர் ரூஸெலோ நிஜமான கடற்படை அதிகாரி. 1894இல் வேலையை விட்டார், 1909இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். திரும்பிப் போய் எழுதியது எதைப் பற்றி? எல்லோராக் குகை, ஜெய்ப்பூர் நகரம், கங்கைக் கரை!

கடலை எழுதியவர் கப்பல் ஏறிப் பிழைக்காத டெபுஸி. மகன் மாலுமியாக வேண்டுமென்று தகப்பனார் ஆசைப்பட்டாராம், அது நடக்கவில்லை. 1903இல் ‘கடல்’ தொடங்கியபோது அவர் இருந்தது கடலே இல்லாத பர்கண்டியில். எதிரே கிடக்கும் கடலைவிட நினைவில் கிடக்கும் கடல் தனக்கு உதவும் என்று நம்பினார். ஆகவே, டொரொன்டோ அம்மா, நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

முழுதும் ஏறக்குறைய 24 நிமிடம், மூன்று பகுதி. முதலாவதற்குப் பெயர் ‘கடலில் விடியலிலிருந்து நண்பகல் வரை’. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் விடிகாலை இயர்போனும் கையுமாய் இங்குள்ள டச்சு பே கடற்கரைக்குப் போனேன். தொடக்கத்தில் ஒன்றுமே கேட்காது. ஃபோன் பழுதென்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள், பிறகு காது கிழியும். அடியில் மத்தளம்போல ஒன்று உருள்கிறது, ஹார்ப் தந்திகள் சொட்டுகின்றன. கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று குப்பைத் தொட்டியருகே கடதாசிப் பையை மென்றுகொண்டிருந்தது. கிழக்கு வெளுக்க வெளுக்க வாத்தியங்கள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. ஐந்து சுரத் துணுக்குகள் காதில் படும். மோகனமோ என்று தேடிப் போனால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

நடுவில் செலோக்கள் மட்டும் கூட்டமாய் எழும் இடம் ஒன்று உண்டு. அதற்கு 16 செலோ வேண்டுமென்று பிரதியிலேயே குறித்திருக்கிறார் டெபுஸி. பெரும்பாலான குழுக்களில் அத்தனை இராது. எனக்கு அந்த இடத்தில் கரைவலைதான் நினைவு வந்தது: ஒரு கை இழுத்தால் அசையாத கயிறு, வலை இழுக்கும் அம்பாப் பாட்டைப் பாடிப் பலர் சேர்ந்து பிடிக்கையில் தானாக நகர்வதுபோல. ஆனால் இது என் கற்பனை. டெபுஸியின் கடலில் ஆளும் இல்லை, வள்ளமும் இல்லை.

டெபுஸியின் நண்பரான இசையமைப்பாளர் சாத்தி இந்த முதற்பகுதியைக் கேட்டுவிட்டு, பத்தே முக்கால் மணி வரும் இடம் அருமை என்று கிண்டலடித்தாராம். பத்தே முக்காலுக்கு நம் மணலில் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லவேண்டும் அவரை.

இரண்டாம் பகுதி ‘அலைகளின் விளையாட்டு’. கச்சான் அடிக்கும் மாதங்களின் கடல் இது. (கொறிக்கிற கச்சான் அல்ல, காற்று.) தரையிலிருந்து வீசும் காற்று அலையின் தலையைப் பின்னோக்கிச் சீவிவிடும் பாருங்கள், அப்படி மினுங்கி, எங்கே முடிந்ததென்று தெரியாமல் முடியும்.

மூன்றாவது ‘காற்றும் கடலும் பேசுவது’. தாழ்ந்த தந்திகளின் உறுமலோடு தொடங்கும். இது நமக்கு வாடை. தோணியெல்லாம் கரையேறிக் கிடக்கும் கார்த்திகை மார்கழி. இரைச்சலுக்கு நடுவே திடீரென்று எல்லாம் அடங்கும். வயலின்கள் உச்சியில் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, கீழே புல்லாங்குழலும் ஓபோவும் நீளமாய் ஒரு மெட்டைப் பாடும். பாட்டு இல்லையென்றீர்களே அம்மா, இதோ அது. மழை விட்டு, கடல் மட்டும் கறுத்துக் கிடக்கும் கால்மணி நேரம் போல. அதற்குப் பிறகு பித்தளைக் கருவிகள் முழங்கும் முழக்கம், முதற்பகுதியின் முடிவில் கேட்டதேதான், திரும்பி வருகிறது. எல்லா அலையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1905 அக்டோபர் 15 அன்று பரிஸில் முதன்முதல் வாசித்தபோது, கடலே தெரியவில்லையென்று குறைப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆகவே முதல்முறை ஒன்றும் விளங்காவிட்டால் வெட்கப்பட வேண்டாம்.

கேட்டவர்கள் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பத்தே முக்கால் எந்த இடத்தில் வருகிறதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்