ஆறிய காயம், ஆறாத கோபம்



அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஓர் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். 1988-ல் இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் பணியாற்றியவர் அவர் கணவர். குண்டுச் சிதறல் மண்டையைத் துளைத்தது. பிழைத்து ஊர் வந்தார், வங்கியில் காவலாளி வேலையும் பார்த்தார். இப்போது அறுபதைத் தாண்டியபின், ராணுவ கேன்டீனுக்குப் போனால் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகிறது. சின்னச் சொல்லுக்கும் கை ஓங்குகிறார். “அவுக முன்ன இப்படி இல்ல. குடிச்சிருக்காகன்னு ஊர்ல பேசுதாக. ஒரு சொட்டு தொட்டதில்ல” என்கிறார்.

இது குடியல்ல, அந்தப் பழைய காயத்தின் விளைவாக இருக்கலாம். வியட்நாம் போரில் இப்படித் தலையில் துளைபட்டுப் பிழைத்த அமெரிக்க வீரர்கள் ஏராளம். காயம்பட்டவர்களை ஹெலிகாப்டர் சீக்கிரமே மருத்துவமனைக்குத் தூக்கி வந்துவிட்டதுதான் காரணம். அவர்களில் சுமார் 1,200 பேரின் விவரங்களை, 1967 முதல் வில்லியம் கேவ்னஸ் என்ற நரம்பியல் மருத்துவர் பதிய வைத்தார். படையில் சேரும்போதே அறிவுத்திறன் தேர்வு எழுதியவர்கள் என்பதால் காயத்துக்கு முன், பின் என்று ஒப்பிட முடிந்தது. காயம்பட்டுச் சுமார் 15 ஆண்டு கழித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் வலிப்பு. முப்பது ஆண்டு தாண்டி அதே தேர்வை மறுபடி வைத்தார்கள். காயம்படாத சக வீரர்களைவிட இவர்கள் மதிப்பெண் கூடுதலாகச் சரிந்திருந்தது. முன்பே அறிவுத்திறன் கூடியிருந்தவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள்.

கோபத்துக்கும் காரணம் உண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி அடிபட்டால் கோபத்தை அடக்கும் பிடி தளர்ந்துவிடும். நடையும் பேச்சும் சரியாக இருப்பதால் ஊர் அதைக் குணக்கேடு என்கிறது. 

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கோ போகிறவர்கள் வெறும் மறதி என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பழைய காயத்தையும், வலிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ராணுவ மருத்துவமனைக் காகிதங்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் எடுத்துப் போங்கள். வீட்டுக்காரம்மாவோ பிள்ளையோ டாக்டர் அறைக்குள் கூடப் போகட்டும். காயம்பட்டவரைத் தனியாகக் கேட்டால் “நல்லாத்தான் இருக்கேன்” என்பார். அது பொய்யில்லை, தன் மாற்றம் தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தோடு வருவதுதான்.

ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், தலைக்குள் இரும்புத் துண்டு இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. காந்தம் அதை அசைத்துவிடக்கூடும். வியட்நாம் வீரர்களுக்கும் இந்தப் பயத்தில்தான் எம்.ஆர்.ஐ.-க்குப் பதில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்