'கவிஞன்' என்றொரு பட்டம்

டௌன்ஸ் வான் ஸாண்ட் 1997 ஜனவரி 1-ல் இறந்தார், வயது 52. 2001-ல் கண்ட்ரி உலகத்துப் பெரிய பெயர்கள் பல சேர்ந்து அவர் பாட்டுக்களைப் பாடி ஓர் அஞ்சலித் தட்டு வெளியிட்டார்கள். 'கவிஞன்' என்று பெயர். என் ஆட்சேபணை இந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. பாட்டுக்காரனைக் கவிஞனாக 'உயர்த்து'வதில், பாட்டு ஒரு படி கீழே என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. (பதவி உயர்வு என்றால் என்னவென்று வங்கி குமாஸ்தாவுக்குத் தெரியும்.)

கவிதைக்குத் தாள் போதும். இவர் சொற்களுக்கு இவர் குரல் வேண்டும். ஹூஸ்டனில் ஓல்ட் குவார்ட்டர் என்ற சின்ன மதுக்கூடத்தில் 1973 ஜூலையில் பதிவானதைக் கேட்டால் தெரியும். ஒரே கிதார், புட்டிச் சத்தம், நடுவில் மட்டமான ஜோக்குகள், பிறகு அந்த வறண்ட குரல். அந்த வறட்சிதான் உருவம். அஞ்சலித் தட்டில் பெரும்பாலும் நன்றாகப் பாடுகிறார்கள். கோளாறே அதுதான். 1972-ல் அவரே பதிவு செய்த 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி', 1983-ல் வில்லி நெல்ஸனும் மெர்ல் ஹாகர்டும் பாடியபோதுதானே முதலிடத்துக்குப் போயிற்று?

மகன் பெயரிலேயே டௌன்ஸைச் சேர்த்த ஸ்டீவ் எர்ல் 2009-ல் ஒரு தட்டு முழுக்க இவர் பாட்டுக்களையே பாடினார். சிஷ்யன் குருவோடு மல்லுக்கட்டுவது அதில் கேட்கிறது. அதை விமர்சனம் என்று ஒப்புக்கொள்வேன்.

'கவிஞன்' தட்டில் மெய்மறக்கும் நண்பர்கள், 1977-ல் வெளிவந்த அந்த ஹூஸ்டன் பதிவையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பேச வரட்டும்.