பழுதானது இயங்குதளம், பலியாவது கோப்புகளா?

வீட்டுக் கணினி ஒருநாள் திறக்க மறுக்கிறது. நீலத்திரை தோன்றி அப்படியே நின்றுவிடுகிறது. உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே பெரும்பாலும் ஒரே மருந்துதான்: "பார்மட் செய்துவிடலாம்!" நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

அந்த ஒரு தலையாட்டலில் பல்லாண்டு உழைப்பு அழிகிறது. தலைவலிக்குத் தலையை வெட்டுவது மருத்துவமா?

விழுந்தது இயங்குதளம், கோப்புகள் அல்ல! வன்தட்டு நலமாக இருக்கும்வரை கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சான்று வேண்டுமா? 2024 சூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. அந்நிறுவனம் அறிவித்த மருந்து என்ன? கணினியைச் 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு முறையில் தொடக்கி, அந்தக் கோப்பை மட்டும் நீக்குவதுதான்.

வீட்டிலும் வழிகள் உள்ளன:

1. விண்டோஸ் அடுத்தடுத்துத் திறக்கத் தவறினால் மீட்புத் திரை பெரும்பாலும் தானே தோன்றும். அதிலுள்ள தொடக்கப் பழுதுநீக்கம், பாதுகாப்பு முறை, 'சிஸ்டம் ரிஸ்டோர்' ஆகியவை நம் சொந்தக் கோப்புகளை அழிப்பதில்லை.

2. அவை பயன் தராவிட்டால், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே கணினியைத் தொடக்கலாம். கோப்புகளை வெளி வன்தட்டில் படியெடுக்கலாம். உபுண்டு இலவசம்.

3. புதிய கணினிகள் பலவற்றில் வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். 48 இலக்க மீட்புக் குறியீடு இல்லாமல் அதைத் திறக்க இயலாது. கணினி நலமாக இருக்கும்போதே அதை எழுதி வையுங்கள்.

வன்தட்டே 'டக் டக்' என ஒலித்தால் மட்டும் எதையும் முயலாமல் அணைத்துவிட்டு, தரவு மீட்பு வல்லுநரை நாடுங்கள்.

"பார்மட் செய்த பிறகும் மீட்டுக்கொள்ளலாமே" என்பார் உளர். பழைய சுழல்வகை வன்தட்டில், மேலே எதுவும் எழுதப்படாதவரை ஓரளவு இயலும். இன்றைய எஸ்எஸ்டி வகையிலோ பெரும்பாலும் இயலாது.

கடைக்காரரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பழுதைத் தேடுவதைவிடத் துடைத்துப் புதிதாக நிறுவுவது அவருக்கு எளிது. இழப்பு அவருடையதன்று, நம்முடையது. ஆங்கிலப் பயிற்சி நூல் தொலைந்தால் கடையில் வேறொன்று கிடைக்கும். தமிழாசிரியர் இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்த பயிற்றிக்கு வேறு படி ஏது?

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளைகளுக்குக் கணினியைத் திறக்கக் கற்றுக் கொடுக்கிறோம். உள்ளிருப்பதைக் காக்கக் கற்றுக் கொடுத்தோமா? முதலில் நாம் கற்போம். இனி எந்தக் கடையிலும் உறுதியாகச் சொல்வோம்: "முதலில் கோப்புகளைப் படியெடுங்கள், பார்மட் எல்லாம் பிறகு!"