கண்டியில் ஒரு சைக்கிள் சுற்றுலா: வழிகாட்டி சொன்னதும் சொல்லாததும்

அண்மையில் வேலையொன்றுக்காகக் கண்டிக்குப் போயிருந்தபோது, அரைநாள் சைக்கிள் சுற்றுலா ஒன்றில் சேர்ந்துகொண்டேன். நாங்கள் நான்கு பேர். மற்ற மூவரும் வெளிநாட்டவர். வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க சிங்கள இளைஞர். அன்பானவர், ஏற்றங்களில் மூச்சு வாங்கியவர்களுக்காகக் காத்து நின்றவர்.

குளக்கரையில் முதல் தரிப்பு. இதை 1807இல் வெட்டத் தொடங்கியவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்றார். கொடுங்கோலன், ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார். அவ்வளவுதான், அடுத்த தரிப்புக்குப் புறப்பட்டோம்.

அந்த மன்னரின் இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்கள் நால்வரில் கடைசியானவர். அந்த வம்சத்தின் இரண்டாமவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தில்தான், 1753இல், சியாமிலிருந்து பிக்குகள் அழைக்கப்பட்டு இங்கு உபசம்பதா மீண்டும் தொடங்கியது. சிங்கள பௌத்தத்தின் மறுமலர்ச்சிக்குத் தென்னிந்திய வழிவந்த அரசன் ஒருவன் துணைநின்றான் என்பது பெருமையாகச் சொல்லக்கூடிய கதை. 1815 மார்ச் 2இல் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தமோ, மன்னரின் ஆண் உறவினர்களை எதிரிகளாக அறிவித்து, அவர்கள் கண்டிப் பிரதேசத்துக்குள் நுழையவே தடை விதித்தது. மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். அந்த உறவினர்கள் வாழ்ந்த இடத்தின் நினைவாக மலபார் வீதி என்ற பெயர் மட்டும் கண்டியில் மிஞ்சியிருக்கிறது.

தலதா மாளிகைப் பக்கம் வந்ததும் இறங்கி சைக்கிளை உருட்டினோம். 1998 ஜனவரி 25இல் புலிகளின் லொறிக் குண்டு வெடித்தது இங்கேதான். அதைச் சொல்லும்போது அந்த இளைஞர் என் முகத்தைப் பார்க்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். என் பெயரைக் கேட்டபோதே நான் தமிழர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. வழிபாட்டிடமொன்றில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் கோவில்களிலும் தேவாலயங்களிலும் விழுந்த குண்டுகளைச் சொல்லி இதைச் சமப்படுத்திவிட முடியாது. ஆனால் அவையும் நடந்தவைதான். 1995 ஜூலையில் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மீது விமானப்படை குண்டு வீசியதை எந்தச் சுற்றுலாவில் யார் சொல்கிறார்கள்?

வரலாற்றைச் சொல்லும் உரிமை, இடத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் போய்விடுகிறது. 2009க்குப் பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்களுக்குக் கிளிநொச்சியில் விழுந்துகிடந்த தண்ணீர்த் தாங்கியும், புதுக்குடியிருப்பு வெற்றித் தூபியும் காட்டப்பட்டன. அதே மண்ணில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் விளக்கேற்றப் பல ஆண்டுகள் தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரியில் இரவோடிரவாக இடிக்கப்பட்டது. எதிர்ப்பின் பின்னரே மீண்டும் எழுந்தது.

தேத்தண்ணிக் கடையில் வழிகாட்டி கேட்டார்: "யாழ்ப்பாணத்திலும் இப்படி சைக்கிள் சுற்றுலா செய்யலாமா?"

செய்யலாம், நல்ல சமதரை என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் அங்கே வழிகாட்டியானால் நூலகத்தின் முன் நிறுத்தி 1981ஐச் சொல்வேன். ஐந்துசந்தியில் நிறுத்தி, 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியதையும் அதே குரலில் சொல்வேனா? அல்லது நானும் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பேனா?

எங்கள் கதையை எங்கள் பிள்ளைகளே வழிகாட்டிகளாக நின்று சொல்ல வேண்டும். அதற்குப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கண்ணுசாமி என்ற பெயரைக் கண்டி வழிகாட்டி சொல்ல வேண்டும் என்று கேட்பதும் எங்கள் உரிமை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர், ஐந்துசந்தியில் சைக்கிளை நிறுத்தவும் தயாராக இருக்க வேண்டும்.

விடைபெறும்போது மன்னரின் இயற்பெயரை அந்த இளைஞரிடம் சொன்னேன். தன் கைபேசியில் அதைக் குறித்துக்கொண்டார்.